தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குச் சைவக் கார்ன்பிரெட் டிரெஸ்ஸிங்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

கேள்வி: நானும் என் மனைவியும் செப்டம்பரில் அமெரிக்காவின் அலபாமாவுக்குக் குடிவந்தோம். மனைவியுடன் பணிபுரியும் அம்மையார் ஒருவர் எங்களைத் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அழைத்திருக்கிறார். அவர் வீட்டு டிரெஸ்ஸிங்கில் (உதிர்த்த ரொட்டியைச் சாற்றில் ஊறவைத்துப் பேக் செய்யும் பண்டம்) கோழிச்சாறு சேரும் என்பதால், எங்களுக்கு ஏற்றபடி ஒரு தட்டு நாங்களே செய்து எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டோம். முட்டை சாப்பிடுவோம், இறைச்சி சாப்பிடுவதில்லை. கார்ன்பிரெட் என்னும் மக்காச்சோள ரொட்டியை இதுவரை செய்ததே இல்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: தென் மாநிலங்களில் டிரெஸ்ஸிங்கைப் பெரும்பாலும் வான்கோழியின் வயிற்றில் அடைப்பதில்லை, தனித் தட்டில் வைத்துத்தான் பேக் செய்கிறார்கள். ஆகவே அதைச் சைவமாகச் செய்வதில் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் அந்த மேசையில் வான்கோழியைவிடவும் உரிமையோடு விமர்சிக்கப்படும் பண்டம் இதுதான். பாட்டி காலத்துச் செய்முறையிலிருந்து இம்மியும் விலகாத குடும்பங்கள் உண்டு. எனவே, கரம் மசாலா, பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை இந்த முதல் ஆண்டு தள்ளி வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. சேஜ் இலையின் மணம்தான் இதன் உயிர். தாளிப்பு வந்தால் அது அடங்கிப்போகும்.

முதலில் கார்ன்பிரெட்டைக் கவனிப்போம். கடையில் கார்ன்மீல் என்று கேட்டு, குறுணையாக அரைத்த மக்காச்சோளத்தை வாங்குங்கள்; நம் ஊரில் சூப்புக்குக் கரைத்து ஊற்றும் வெள்ளை மாவு இங்கே கார்ன்ஸ்டார்ச் என்ற பெயரில் விற்கும், அது இதற்கு உதவாது. செல்ஃப் ரைசிங் என்று அச்சிட்ட பையில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால் சாதாரணக் கார்ன்மீலே நல்லது. பெட்டியில் வரும் ஆயத்தக் கலவைகள் பலவற்றில் சர்க்கரை உண்டு, சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். வாங்கத்தான் வேண்டுமென்றால் உட்பொருள் பட்டியலை முழுவதும் படித்துவிட்டு வாங்குங்கள். இனிப்பான கார்ன்பிரெட்டில் செய்த டிரெஸ்ஸிங் கேக்கை வெங்காயத்தோடு பிசைந்ததுபோல் ஆகிவிடும்.

இரண்டு கப் கார்ன்மீல், அரை கப் மைதா, ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து, இரண்டு முட்டையும் ஏறக்குறைய இரண்டு கப் பட்டர்மில்க்கும் (கடையில் விற்கும் கெட்டியான மோர்) சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். பத்து அங்குல வார்ப்பிரும்பு வாணலியில் கால் கப் வெண்ணெயை இட்டு, 425 பாரன்ஹீட்டில் சூடான ஓவனுக்குள் சில நிமிடங்கள் வைத்து, வெண்ணெய் உருகிப் பொரியும்போது மாவை ஊற்ற வேண்டும். ஊற்றிய கணமே விளிம்பில் சுர்ரென்ற ஓசை எழுந்தால் அடிப்பக்கம் மொறுமொறுப்பாகச் சிவக்கும். இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்களில் வெந்துவிடும். விருந்து வியாழக்கிழமை என்பதால், இதைச் செவ்வாய்க்கிழமையே செய்து, ஆறியபின் கையால் உதிர்த்து, அகலத் தட்டில் பரப்பி உலரவிடுங்கள். ஈரமான துண்டுகள் சாற்றை உறிஞ்சாமல் களியாகிவிடும்.

புதன்கிழமை மாலை, ஒரு குச்சி வெண்ணெயில், அதாவது 113 கிராமில், பொடியாக நறுக்கிய வெங்காயமும் செலரியும் தலா இரண்டு கப் சேர்த்து, சிவக்கவிடாமல் மெத்தென்று ஆகும்வரை வதக்கி எடுத்து வையுங்கள். செலரி வேண்டாமே என்று நினைக்காதீர்கள். அடுப்பை அணைக்குமுன் இரண்டு தேக்கரண்டி உலர் சேஜ் பொடியும், அரைத் தேக்கரண்டி தைமும், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் தூவுங்கள். பவுல்ட்ரி சீசனிங் என்ற குப்பியைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை; பொதுவாக அது சேஜ், தைம் முதலிய இலைகளின் கலவையே, இறைச்சி அதில் இராது.

வியாழன் காலையில்தான் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க வேண்டும். முட்டை கலந்த பச்சைக் கலவையை இரவு முழுவதும் வைத்திருப்பது பாதுகாப்பானதல்ல. உதிர்த்த கார்ன்பிரெட்டில் வதக்கலைக் கொட்டி, உப்புக் குறைந்த வெஜிடபிள் பிராத் என்னும் காய்கறிச் சாற்றைச் சூடாக, சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். மூன்று முதல் நான்கு கப் பிடிக்கும். இந்த இடத்தில்தான் பலர் அஞ்சிக் கையை இழுத்துக்கொள்கிறார்கள். கரண்டியால் அள்ளினால் தானாகச் சரிந்து விழும் அளவுக்குக் கலவை தளர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் ஓவனில் மீதி நீரைக் கார்ன்மீல் குடித்துவிடும். உப்பைச் சுவைத்துச் சரிசெய்த பிறகே, அடித்த இரண்டு முட்டைகளைச் சேருங்கள். வெண்ணெய் தடவிய 9க்கு 13 அங்குலத் தட்டில் ஊற்றி, 350 பாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம் பேக் செய்தால், மேலே பொன்னிறமும் உள்ளே மென்மையும் கிடைக்கும். விருந்தளிப்பவரின் ஓவனை வான்கோழி பிடித்துக்கொண்டிருக்கும். ஆதலால் உங்கள் வீட்டிலேயே செய்து, அலுமினியத் தாளால் மூடி, துண்டில் சுற்றிச் சூடாகவே எடுத்துச் செல்லுங்கள்.

மறுகேள்வி: மிக்க நன்றி. முட்டையும் சாப்பிடாத என் தாயார் அந்த வாரம் வருகிறார். அவருக்கு என்ன செய்யலாம்?

பதில்: கார்ன்பிரெட்டில் ஒவ்வொரு முட்டைக்கும் பதிலாக, ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்துச் சேருங்கள். ரொட்டி சற்று அதிகமாகவே உதிரும், எப்படியும் உதிர்க்கப்போவதால் கவலையில்லை. டிரெஸ்ஸிங்கில் முட்டையை விட்டுவிட்டு, முட்டை சேராத வெள்ளை ரொட்டித் துண்டுகள் இரண்டைப் பிய்த்துப் போட்டு, பிராத்தை மூன்று கப்போடு நிறுத்துங்கள். துண்டு போட வராது, அள்ளித்தான் பரிமாற வேண்டும். உங்கள் தட்டுக்கென்று தனிக் கரண்டி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மேசையில் இருக்கும் கிரேவி வான்கோழிச் சாற்றில் செய்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அம்மாவுக்கு அதற்குப் பதிலாகக் கிரான்பெரி சாஸைப் பக்கத்தில் வைத்துக்கொடுங்கள்.