ரத்தம் எங்கே போகுதுன்னு கேட்ட டாக்டர்

நெல்லைக்காரி:
அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 7.8. அறுபது தாண்டியாச்சு, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏறும், மாத்திரையை நிறுத்தினால் இறங்கும். வலி இல்லை, மலத்தில் ரத்தமும் இல்லை. எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்றுதான். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிவார். மூச்சு வாங்குவது எங்களுக்குத் தெரியக் கூடாதாம். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான், "ஆம்பளைக்கு இவ்வளவு ரத்தம் எங்கே போகுது?" என்று கேட்டு வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டும் எழுதினார். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புற்றுநோய்க் கட்டி. அங்கே கசியும் ரத்தம் மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. முதல் டாக்டரை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

கரூர்வாசி:
டாக்டரை மட்டும் சொல்லாதீங்க. என் மச்சான், மனைவியின் கூடப்பிறந்தவர், டாக்டரிடமே போகவில்லை. 38 வயது, லாரி ஓட்டுகிறவர். சிவப்பாக ரத்தம் போனதும் மூலம்தான் என்று லேகியம் சாப்பிட்டார். மூலமும் இருந்தது, அதுதான் கொடுமை. "போயிட்டு வந்தாலும் மறுபடி போகணும்போல இருக்கு, போனா ஒண்ணும் வரலை" என்று சொன்னதுமே சர்ஜன் கையுறை மாட்டினார். மலக்குடலில் இருந்த கட்டி விரலுக்கே தட்டுப்பட்டது. ஸ்கேனெல்லாம் அப்புறம்தான்.

திருவாரூர் டீச்சர்:
அம்மாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். சப்பாத்தி நெஞ்சிலேயே நிற்குது என்றார். பிறகு இட்லியையும் ரசத்தில் கரைத்துத்தான் குடித்தார்.

கரூர்வாசி, நெல்லைக்காரியின் கோபம் நியாயம். ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து குறைந்தால், காரணம் தேடாமல் மாத்திரை மட்டும் கொடுக்கக் கூடாது. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலே மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலியில்லாமல் காமாலை வந்தால் கீழாநெல்லியோடு நிற்காமல் ஸ்கேன் எடுங்க. கொலோனோஸ்கோபிக்கு முன்னால் தரும் பேதி மருந்தைக் குமட்டினாலும் முழுசாகக் குடிக்கணும். குடல் சுத்தமாகாவிட்டால் குடலுக்குள் முளைக்கும் சின்ன பாலிப் (சதை வளர்ச்சி) கண்ணில் படாது. பட்டால் பெரும்பாலும் அங்கேயே எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் 2021 முதல், தொந்தரவே இல்லாதவர்களும் 45 வயதில் குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்போ, எது முதலில் வருதோ அப்போது தொடங்கணும், அதாவது கரூர்வாசி, உங்கள் வீட்டில் 28. உங்கள் மனைவிக்குப் பார்த்தாச்சா?