புதுமையாக்கத்தைப் பாடமாக நடத்த முடியுமா?

திருகாணி:
பொறியியல் படிப்பில் ‘புதுமையாக்கத் திறன்’ என்று தனிப் பாடம் வைப்பது வீண் வேலை. சுவர் முழுக்க வண்ணச் சீட்டு ஒட்டி, கூடி உட்கார்ந்து யோசனைகளை அள்ளிவிடுகிறார்கள். பருவத் தேர்வு முடிந்ததும் எல்லாம் குப்பைக்கு. அடிப்படை பலமாக இருந்தால் யோசனை தானாக வரும்.

நிலவொளி:
வராது. 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். சிந்தாத காபிக் கோப்பையை வடிவமைக்க வேண்டும், உறிஞ்சுகுழல் கூடாது. ஒரு பிரிவு மாணவர்களுக்கு மட்டும் குழல் வைத்த மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். அவர்களில் பலர், கூடாது என்று எழுதியிருந்தும், குழலையே வரைந்தார்கள்! அனுபவமுள்ள பொறியாளர்களும் மாதிரிப் படத்தில் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கா அடிப்படை தெரியாது?

திருகாணி:
சரி, மாட்டிக்கொள்கிறார்கள். வகுப்பு வைத்தால் மீண்டுவிடுவார்களா? 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்களே: நால்வர் கூடி யோசித்ததைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தால் யோசனைகள் அதிகம்.

நிலவொளி:
அது கூட்டத்தின் குறை. தனியே எழுதிவிட்டு அப்புறம் கூடட்டும், அவ்வளவுதான். கற்பிக்க உருப்படியான முறைகள் இருக்கின்றன. சோவியத் நாட்டு ஆல்ட்ஷுல்லர் காப்புரிமைகளை அலசி உருவாக்கிய ட்ரிஸ் முறை, முரண்பாட்டைத் தேடச் சொல்கிறது. விமானச் சிறகு பெரிதாக இருந்தால் மெதுவாக இறங்கலாம், ஆனால் வேகமாகப் பறக்கும்போது காற்று இழுக்கும். எப்போது பெரிதாக வேண்டும் என்று கேட்டால், இறங்கும்போது மட்டும் நீளும் மடிப்புத் தகட்டுக்கு வழி பிறக்கிறது. இந்தக் கேள்வியைப் பழக்கலாமே.

ஆய்வகவாசி:
இருவரும் மதிப்பெண்ணை மறந்துவிட்டீர்கள். இறுதியாண்டு புராஜெக்ட் ஓடினால்தான் மதிப்பெண் என்றால் யார் புதிதாக முயல்வார்கள்? சீனியர் செய்ததையே பெட்டி மாற்றிக் கொண்டுவருவார்கள். கைவிட்ட வடிவங்களுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

திருகாணி:
நல்ல கதை. தோற்றதாக நடிப்பார்கள்.

ஆய்வகவாசி:
எந்தச் சுமையில் முறிந்தது, கணக்கு எங்கே தப்பியது, அடுத்ததில் எதை மாற்றினாய் என்று மூன்று கேள்வி கேளுங்கள். உடைத்துப் பார்க்காதவன் இரண்டாவதிலேயே திணறுவான்.

திருகாணி:
அறுபது பேர் வகுப்பில் இத்தனை உடைசலையும் யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஆய்வகவாசி:
குழுவுக்கு ஒன்று போதும். வைவாவில் அழகான ஸ்லைடு பார்க்கும் நேரத்தை இதற்குக் கொடுங்கள்.