பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள்

அருமனைப் பக்கத்திலிருந்து

2024 டிசம்பரில் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அருகே ஒரு சாயாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கிளாஸ் வந்தது. வாயில் வைக்கும் முன் கண்ணை மூடி மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். நான் வளர்ந்த கிறிஸ்தவ சபையை விட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கண்ணைத் திறந்தபோது எதிர் பெஞ்சில் ஒரு பெண் கையில் கிளாஸோடு கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்தது. முகம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் சாயாவுக்கு முன் இப்படிக் கண்ணை மூடும் பெண்களை நான் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். முதலில் என் காதைப் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினாள். சபையில் எங்களுக்கு விலக்காக இருந்த கம்மல், கடுகு அளவில் ஒன்று.

"நாற்பது வயதில் குத்திக்கொண்டேன். மிகவும் வலித்தது" என்றாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

ஆறு வயது முதல் பத்தொன்பது வயது வரை சபையில் அவளும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், எல்லோருக்கும் தரைதான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் காலையிலிருந்து தண்ணீர்கூட இருக்காது. மத்தியானம் தாண்டும்போது வயிறு கத்தும். அவள் பாவாடை மடிப்பில் வறுத்த புளியங்கொட்டை கொண்டுவந்து, வேதப்புத்தகத்துக்கு அடியில் என் பக்கம் தள்ளிவிடுவாள். கடிக்க முடியாது, சத்தம் வரும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தோல் ஊறி அந்தக் கருகல் ருசி இறங்கும்வரை காத்திருப்போம். இன்றும் பசி என்றால் எனக்கு அந்த ருசிதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் வெள்ளை உடுப்பைப் பற்றிப் பலரும் பரிதாபமாகக் கேட்பார்கள். என் பாட்டிக்கு அது பெருமை. மேலாடை போடும் உரிமைக்காக எங்கள் ஊர்ப் பெண்கள் அடிபட்டதும், 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் செய்து அனுமதித்ததும் பாட்டிக்குத் தன் பாட்டி சொல்லித் தெரிந்த கதை. ஜாதி தெரியாமல், பணம் தெரியாமல், எல்லாப் பெண்களும் வெள்ளைச் சேலையில் ஒரே தரையில் உட்காருவதை அவர் ஆசீர்வாதமாகவே பார்த்தார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1991இல் அவள் வேறு சபையைச் சேர்ந்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டாள். ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவித்தார்கள். அவளோடு பேசக்கூடாது, சேர்ந்து சாப்பிடக்கூடாது. மூன்றாம் நாள் அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன். "உள்ளே போ" என்றார் அம்மா. போனேன். அடுக்களை ஜன்னல் வழியாக அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது. என்னிடம் வாங்கியிருந்த பாட்டுப் புத்தகத்தை மதில்மேல் வைத்துவிட்டு, சிறிது நேரம் நின்று, போய்விட்டாள்.

அம்மா சொன்னதால்தான் உள்ளே போனேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. அம்மா வாய் திறக்கும் முன்பே நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சாயாக் கடையில் இதை அவளிடம் சொன்னேன்.

"தெரியும். ஜன்னலில் நீ நின்றது தெரிந்தது" என்றாள். பிறகு, "ஒரு பருப்பு வடை சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். சபையை விட்டு வந்த நம்மில் பலர் இப்படித் தற்செயலாகச் சந்தித்திருப்போம். எழுதுங்கள்.

களியக்காவிளையிலிருந்து

அக்கா, புளியங்கொட்டை ஆண்கள் பக்கத்திலும் உண்டு.

எனக்குப் பெரிய பயம் இயேசுவின் இரகசிய வருகை. எக்காளம் தொனிக்கும், விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பாவிகள் மட்டும் பூமியில் நிற்பார்கள் என்று வாரந்தோறும் கேட்டு வளர்ந்தவன். ராத்திரி தேசிய நெடுஞ்சாலையில் லாரி நீளமாக ஹாரன் அடித்தால் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் அம்மா இருக்கிறாரா என்று தடவிப் பார்ப்பேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. வருகை நடந்துவிட்டது, நான் கைவிடப்பட்டேன் என்றே நம்பினேன். பையைக்கூடக் கழற்றாமல் என் நண்பன் வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் பெரியவர்கள் இல்லை. அவன் மட்டும் திண்ணையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். "நீயும் போகவில்லையா?" என்று கேட்டான். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அவன் அன்று மதியம் ஒரு தேன் மிட்டாயைத் திருடியிருந்தான். அதனால்தான் தான் மட்டும் தனியாக விடுபட்டோம் என்று நினைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு ஏற்பட்ட நிம்மதியை மறக்கவே முடியாது.

இரண்டு வீட்டாரும் ரப்பர் மெஷின் இருக்கும் கொட்டகையில் இருந்தார்கள். அன்று பால் அதிகம். ஆசிட் ஊற்றி உறைந்த பாலை உருளையில் கொடுத்து ஷீட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினேழு வயதில் நான் விலகினேன், அவன் இருந்தான். பேச்சு நின்றது. 2011இல் ஷார்ஜாவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை துணி வெளுக்கும் கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டார். திரும்பினேன். அவன்தான். "நீயும் போகவில்லையா?" என்றான். அன்று இரவு முழுவதும் பேசினோம். இப்போதும் ராத்திரியில் யாருக்காவது தூக்கம் கலைந்தால் மற்றவனை அழைப்பது வழக்கம். இருவர் மனைவிகளுக்கும் காரணம் தெரியும்.

பாறசாலையிலிருந்து

நான் கேரளப் பக்கப் பள்ளியில் படித்தவள். ஓணம் வந்தால் அத்தப்பூக்களம் போடுவார்கள். எங்களுக்கு விலக்கு. நானும் இன்னொரு சபைப் பெண்ணும் காலி வகுப்பறையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பூவைப் பார்த்துக்கொண்டிருப்போம். தும்பைப் பூ எண்ணுவது எங்கள் விளையாட்டு.

அது 1986. ஒரு ஆசிரியர் எங்களைக் கட்டாயப்படுத்தப் பார்த்தார். தலைமையாசிரியை தடுத்தார். கோட்டயம் பக்கம் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்து மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியிருந்தார்கள். நீக்கியது தவறு என்று அந்த ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்த புதிது. நீதிபதி சின்னப்ப ரெட்டியின் பெயரை நான் முதலில் கேட்டது அந்த வகுப்பறையில்தான். "பிள்ளைகளின் மனசாட்சியை வற்புறுத்தக் கூடாது" என்றார் தலைமையாசிரியை. எங்கள் சபை வேறு, ஆனாலும் அந்தத் தீர்ப்பு எங்களுக்கும் குடையாக இருந்தது. பிற்காலத்தில் சபை மூப்பர்கள் முன் நின்று "என் மனசாட்சி ஒப்பவில்லை" என்று நான் சொன்னபோது, பள்ளியில் கிடைத்த அந்த மரியாதையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

என்னோடு தும்பைப் பூ எண்ணியவள் இன்றும் சபையில் இருக்கிறாள். நான் விலகியவள் என்பதால், என் அம்மா இறந்தபோது சபையார் யாரும் வரவில்லை, வர முடியாது. கல்லறைக்குக் கிளம்பும் நேரம் மழை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் அடைத்த கடையின் ஓரத்தில் வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக ஒரு பெண் நின்றாள். வண்டி தாண்டும்வரை அசையவில்லை. ரோட்டைக் கடந்து வரவும் இல்லை. எவ்வளவு பெரிய காரியத்தை அவள் செய்தாள் என்று சபைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கடினம். உங்களுக்குப் புரியும்.

வெள்ளறடையிலிருந்து

ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா சாராயம் குடித்துவிட்டு அம்மாவை அடித்த வீடு எங்களுடையது. சபைக்குப் போன மூன்றாம் மாதம் குடியை நிறுத்தினார், சாகும்வரை தொடவில்லை. நானும் விலகியவன்தான். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்காமல் எண்ணெய் பூசி ஜெபித்த ராத்திரிகளில் என் தங்கை பட்ட பாட்டுக்கு நான் யாரையும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அப்பாவின் கை ஓங்காத வீட்டை எங்களுக்குத் தந்ததும் அதே சபைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இந்த இடம் மட்டும்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து

அருமனைச் சகோதரி, நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். பிரசங்கியாருக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவன்.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சபை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. பெரியவர் மலையாளத்தில் ஒரு வாக்கியம் சொல்வார், அவர் மூச்சு வாங்குவதற்குள் நான் தமிழில் முடிக்க வேண்டும். 1991இல் எனக்கு இருபத்திரண்டு வயது. வேகமாகச் சொல்கிறேன் என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் தோழியைப் பற்றி அறிவித்த அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் சொன்ன சொல் "மாற்றி நிர்த்துக". நம் பேச்சில் சொன்னால், கொஞ்சம் ஒதுக்கி நிறுத்துவது. நான் யோசிக்கவில்லை. "தள்ளிவைக்கிறோம்" என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் யாரோ அழுதது கேட்டது. திருத்தியிருக்கலாம். அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்டது என் சொல்லைத்தான். அவர் சொன்னதையே சரியாகச் சொல்லியிருந்தாலும் அவர்கள் அப்படித்தான் நடந்திருப்பார்களோ என்னவோ. அதைச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. பிறகு நானும் வெளியே வந்தேன். இன்று நீதிமன்ற ஆவணங்களை இரண்டு மொழிகளிலும் மாற்றிக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை பார்க்கிறேன். உங்கள் தோழி சம்மதித்தால் நேரில் வந்து இதைச் சொல்ல வேண்டும்.

அருமனைப் பக்கத்திலிருந்து

அண்ணன், உங்கள் எழுத்தை நேற்று அவள் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது, வாசிக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். அடுக்களைப் படியில் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை. முறத்தில் இருந்த காணப்பயறைப் புடைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

"அவர் மலையாளத்தில் சொன்னது என்ன சொல்? திரும்பச் சொல்" என்றாள்.

சொன்னேன். அவளும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"ஒதுக்கி நிறுத்துவது என்றால், திரும்ப வரலாம் என்றுதானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முறத்தை எடுத்துக்கொண்டு, "சனிக்கிழமை வரச் சொல். வெயிலுக்கு முன்னால் வரட்டும், பஸ் நிறுத்தத்திலிருந்து ஏற்றம்" என்றாள்.