பயிற்சித் திட்ட வரைவு: பட்டறையில் உட்கார்ந்து யோசித்தது

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போன வாரம்தான் மஸ்கட் திரும்பினேன். நம் ஊர்ச் சங்கத்தின் பொருளாளர் அனுப்பிய, ஊர் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சித் திட்ட வரைவை ஊரில் வைத்தே இரண்டு தடவை படித்தேன். ராத்திரி வேலை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அந்த உழைப்புக்கு நன்றி. ஆனால் நிதி கேட்டு இதை இப்படியே யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கம்ப்யூட்டர், தையல், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று மூன்று பயிற்சி போட்டிருக்கிறோம். நம் ஊருக்கு ஏன் இந்த மூன்று என்பதற்கு ஒரு வரி கூட அதில் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாம் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த தையல் மிஷின்கள் ஞாபகம் இருக்கும். சமுதாயக் கூடத்தின் பின் அறையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஒன்றின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. மூன்று மாதம் வகுப்பு நடந்தது, சான்றிதழும் கொடுத்தார்கள், நடத்திய நிறுவனம் அதோடு கிளம்பிவிட்டது. அதில் படித்த பிள்ளை ஒருத்தி எங்கள் தெருதான். கேட்டேன். “ஜாக்கெட் தைக்கக் கத்துக்கிட்டேன் சித்தப்பா. உசிலம்பட்டியில எல்லாரும் பழகின கடையிலதான் துணி குடுக்குறாங்க. கம்பெனிக்குப் போனா பவர் மிஷின், ஓவர்லாக் தெரியுமான்னு கேட்டாங்க. நாங்க பழகினது கால்ல மிதிக்கிற மிஷினு” என்றாள். அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. படித்து முடித்த மறுநாள் காலையில் அவள் எங்கே போய் நிற்பாள் என்பதை நாம்தான் எழுதி வைக்கவில்லை.

சரி, வேறு என்ன செய்யலாம்? மோட்டார் ரிப்பேர் பயிற்சி கொடுக்கலாம் என்பது என் யோசனை. திருவிழா முடிந்த மறுநாள் எங்கள் தோட்டத்து போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. தூக்கிக்கொண்டு செக்கானூரணிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே எனக்கு முன்னால் ஒன்பது மோட்டார் வரிசையில் கிடந்தன. “இன்னும் நாலு நாள் ஆகும் தம்பி” என்றார் பட்டறைக்காரர். பூ பறிக்கிற நேரம், தண்ணீர் இல்லாமல் நாலு நாள் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லையா என்று கேட்டேன். வருகிறவர்கள் இரண்டு மாதத்தில் மதுரைக்கு டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறார்களாம். அங்கே முதல் வாரமே கையில் காசு கிடைக்கிறது.

மூன்று நாள் தொடர்ந்து அந்தப் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். எரிந்த காயிலை, அதாவது மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுற்றை, அவர் உடனே வெட்டுவதில்லை. முதலில் ஸ்டேட்டரில் (மோட்டாரின் சுழலாத பகுதி) எத்தனை ஸ்லாட் (கம்பி நுழைகிற பள்ளம்), ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்) என்று எண்ணி, அளந்து, ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதுகிறார். அதற்கப்புறம்தான் வெட்டு. எண்ணாமல் வெட்டிவிட்டால் புதுக் காயிலை எந்தக் கணக்கில் கட்டுவது? நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள்ளேயே கிடப்பது. அதனால் அதற்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. தரைக்கு மேலே பம்போடு ஒன்றாக இருக்கிற மோனோபிளாக் மோட்டாருக்கு எனாமல் கம்பி, கட்டி முடித்து வார்னிஷ் ஊற்றிக் காய வைக்கிறார்கள். மூங்கில் சிம்பு ஒன்றை வைத்துக் கம்பியை ஒவ்வொன்றாக ஸ்லாட்டுக்குள் தள்ளுகிறார், நகம் பட்டு உறை கீறிவிடாமல். ஒரு கீறல் விழுந்தால் போதும், எழுநூறு அடி ஆழத்தில் போய் மறுபடி எரியும். கட்டி முடித்ததும் மெக்கர் என்கிற அளவுக் கருவியை வைத்து இன்சுலேஷன் (மின்காப்பு) சரியா என்று பார்க்கிறார். அந்த நோட்டில் இருபது வருஷக் கணக்கு இருக்கிறது. நம் பயிற்சிக்குப் பாடத்திட்டத்தை அந்த நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

இந்த வேலை ஓயாது என்பதற்குக் காரணத்தை வரைவின் முதல் பக்கத்திலேயே எழுதலாம். வைகை அணையிலிருந்து நம் பக்கம் வருகிற 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருவது அந்த அணையின் மட்டத்தைப் பொறுத்தது. மற்ற நாளெல்லாம் போர்வெல்தான். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் (முனை) போய்விட்டால் மீதி இரண்டில் மோட்டார் திணறி, மின்னோட்டம் ஏறி, காயில் எரிகிறது. அதைத் தடுக்கிற பிரிவென்டரைப் பல தோட்டங்களில் கழற்றி வைத்திருக்கிறார்கள், கன்டென்சர் போட்டு இரண்டு பேஸிலேயே ஓட்டுகிறார்கள். நம் பையன்களுக்குக் காயில் கட்ட மட்டும் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலைதான். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, மின்னோட்டம் ஏறினால் மோட்டாரை நிறுத்துகிற ரிலேயின் செட்டிங் பார்த்து, விவசாயியிடம் எடுத்துச் சொல்லவும் தெரிய வேண்டும். வீட்டுக் கூரையில் சோலார் போடவும் இப்போது ஆள் கேட்கிறார்கள். 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கிறது. அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம்.

ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கும்போது நாம் எதற்கு என்று தலைவர் அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும், இரண்டு வருஷப் படிப்பு. போக முடிகிற பிள்ளைகள் அங்கேதான் போக வேண்டும், விண்ணப்பம் போடுவதற்கு நாம் உதவலாம். நான் சொல்வது பத்தொன்பது, இருபது வயதில் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிற பையன்களை. கையில் காசு வராமல் அவர்களை இரண்டு வருஷம் உட்கார வைக்க எந்த வீட்டாலும் முடியாது. அதனால் வரைவில் “உதவித்தொகை” என்று கடைசியில் ஒட்டியிருப்பதை முதலுக்குக் கொண்டுவர வேண்டும். மாதம் 6,000 ரூபாயாவது கொடுக்காவிட்டால் இரண்டாம் மாதம் வகுப்பில் ஆள் இருக்காது. பட்டறைக்காரருக்கும் ஒரு பையனுக்கு மாதம் 2,000 கொடுக்க வேண்டும், சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் அவர் வேலை நிற்கிறதே. கட்டடம் வேண்டாம், பெயர்ப் பலகை வேண்டாம். உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கம் ஐந்து பட்டறை, ஒன்றுக்கு இரண்டு பேர், மொத்தம் பத்துப் பேர். சாயங்காலம் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க முடிகிற பட்டறையாகப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று சிங்கப்பூர் அக்கா எழுதியிருந்தார்கள். எனக்கு முழுச் சம்மதம். கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனிகளில் வைண்டிங் பிரிவில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, போக்குவரத்துச் செலவும் இல்லை. ஆனால் எந்தப் பட்டறையில் கழிப்பறை இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு பிள்ளையின் பெயரைக்கூட எழுதக் கூடாது. நான் பார்த்த வரை இரண்டில் இருக்கிறது.

பண விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மில் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும். அதை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நம் சங்கத்திடம் இரண்டும் இல்லை. அவர்கள் பணத்தை ஊரில் இருக்கும் தம்பி கணக்கில் போட்டு அங்கிருந்து சங்கத்துக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். சங்கத்தில் கையெழுத்துப் போடுகிற ஊர்க்காரர்கள்தான் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற அண்ணன்மார் தங்கள் நேரத்தைக் கொடுங்கள், வரைவை எழுத, கணக்குப் பார்க்க, பையன்களிடம் மாதம் ஒருமுறை பேச.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தைக் கேட்கலாம் என்பதும் நல்ல எண்ணம்தான். மூன்று வருஷச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்யப் பெரிய கம்பெனிகளை 2013 கம்பெனிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் வாங்குகிற சங்கத்துக்கு வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்கிற பதிவு வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டு எண் வாங்க வேண்டும், மூன்று வருஷம் வேலை செய்த தடமும் வேண்டும். அந்தப் பதிவுகளுக்கு இப்போதே விண்ணப்பிப்போம். முதல் ஆண்டு நம் சொந்தக் காசில் பத்துப் பேரை வைத்து நடத்திக் காட்டினால் அடுத்து எழுதும் புரபோசலில் அந்தப் பத்துப் பேரே சாட்சி.

பலன் என்ன என்ற பகுதியில் எத்தனை சான்றிதழ் என்று எழுதியிருக்கிறோம். அதை எடுத்துவிட்டு, பயிற்சி முடிந்து ஆறாவது மாதம் எத்தனை பேர் இதே வேலையில் இருக்கிறார்கள், நாள் கூலி எவ்வளவு என்று போடுவோம். ஊரில் ஒருத்தர் மாதாமாதம் போய்ப் பார்த்து எழுத வேண்டும், அதற்கு ஒரு சின்னத் தொகை ஒதுக்குவோம். இன்னொன்று, அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத ஐந்து வருஷ அனுபவம் காட்ட வேண்டும். நான் ஊரில் வேலை பார்த்த நாலு வருஷத்துக்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இங்கே வந்து ஹெல்ப்பராகத்தான் சேர்ந்தேன், சம்பளம் ஏற மூன்று வருஷம் ஆனது. நம் பையன்களுக்கு முதல் நாளிலிருந்தே என்ன வேலை, எந்தத் தேதி, யார் மேற்பார்வை என்று ஒரு நோட்டு போட்டு, பட்டறைக்காரர் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் நான்கு பக்கமாக எழுதி, கிளம்புவதற்கு முந்தின நாள் பட்டறையில் உட்கார்ந்து பட்டறைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். கையில் சிம்பை வைத்துக்கொண்டே கேட்டார். பயிற்சி ஆறு மாதம் என்று வாசித்ததும் நிறுத்தச் சொன்னார். “பத்தாது தம்பி. கோடையில லோ வோல்டேஜ்ல எரியுறது ஒரு மாதிரி, ஐப்பசி மழையில இடி விழுந்து எரியுறது ஒரு மாதிரி. ரெண்டையும் பாக்காம பயலை வெளிய அனுப்பாதீங்க” என்றார். அதனால் மாசியில் தொடங்கி ஐப்பசி வரை ஒன்பது மாதம் என்று மாற்றியிருக்கிறேன். பத்துப் பேருக்கு உதவித்தொகை 5,40,000, பட்டறைகளுக்கு 1,80,000, ஆளுக்கு 8,000 ரூபாயில் மெக்கர் தவிர்த்த கருவிப்பெட்டி 80,000. மொத்தம் 8 லட்சம். இதில் மெக்கரும் மாதாமாதம் போய்ப் பார்ப்பவருக்கான தொகையும் சேரவில்லை. அவற்றுக்கு விலையும் தொகையும் கேட்டுச் சொல்கிறேன்.

நான்கு பக்கத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குள் திருத்தங்களை அனுப்புங்கள். ஊரில் இருப்பவர்கள் யாராவது மீதி நான்கு பட்டறைக்காரர்களுக்கும் இதை வாசித்துக் காட்ட முடியுமா?