கோஹா நிறுவல்: தமிழில் தனிக் கையேடா, மூல விக்கியைத் திருத்துவதா?

கோத்தகிரி_வாசகசாலை (சனி, இரவு 9.10)

எங்கள் வாசகசாலையில் மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் இருக்கின்றன. யார் எதை எடுத்துப் போனார்கள் என்று பார்க்க நான்கு நோட்டுகளைப் புரட்ட வேண்டும். ஒருவர் பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கொடுத்தார், 4 ஜிபி ரேம். அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, நூலக மென்பொருளான கோஹாவை நிறுவ உட்கார்ந்தோம். டெபியன் ஒரே மாலையில் ஏறிவிட்டது. கோஹாவுக்கு மூன்று இரவுகள் போயின.

கையில் இருந்தது ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த அச்சுத் தாள். நூலகத்தை உருவாக்கும் கோஹா-கிரியேட் கட்டளையில் ‘கிரியேட்-டிபி’ என்பதற்கு முன்னால் இரண்டு சிறு கோடுகள் வர வேண்டும். தாளைத் தயாரித்தவர் வேர்டில் அடித்திருக்கிறார். அது இரண்டையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக மாற்றிவிட்டது. நாங்கள் தாளில் கண்டபடி ஒரு கோடு போட்டு அடித்தோம். பிழை. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து மறுபடி அடித்தோம். பிழை. தாளில் இருப்பதே தப்பாக இருக்கும் என்று முதல் இரவு யாருக்கும் தோன்றவில்லை.

அதைத் தாண்டினால் ஊழியர் பக்கம் 8080 போர்ட்டில் திறக்கும் என்று போட்டிருந்தது. திறக்கவில்லை. வலைப்பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி மென்பொருளின் போர்ட் கோப்பில் 8080ஐயும் கவனிக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். அந்த வரி தாளில் இல்லவே இல்லை.

ஆகவே கேட்கிறேன். கோஹாவுக்கு முழுத் தமிழில் ஒரு நிறுவல் கையேடு எழுதலாம். ஒவ்வொரு படிக்கும் கீழே, சரியாக நடந்திருந்தால் திரையில் என்ன வரும் என்று இருக்க வேண்டும். யார் கூட வருகிறீர்கள்?

குன்னூர்_ரூட் (சனி, இரவு 10.25)

அண்ணா, நீங்கள் பட்ட சிரமம் புரிகிறது. ஆனால் இதற்குத் தமிழ்க் கையேடு தீர்வு ஆகாது என்பது என் கருத்து.

நீங்கள் சொன்ன 8080 வரி கோஹாவின் விக்கியில், அதாவது பயனர்களே திருத்தும் ஆவணத் தளத்தில், டெபியன் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிய யாரோ ஒருவர் அந்த வரியை விட்டிருப்பார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருப்பார். உங்கள் கைக்கு வந்தது நகலின் நகல். இப்போது அதற்கு ஒரு தம்பியைத் தமிழில் எழுதலாம் என்கிறீர்கள்.

நகலுக்கு என்ன ஆகும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். மென்பொருள் இறங்கும் களஞ்சியம் நம்பகமானது என்று கணினிக்குக் காட்டும் சாவியைச் சேர்க்க முன்பெல்லாம் ஆப்ட்-கீ என்று ஒரு கட்டளை. தேடினால் இன்றைக்கும் எத்தனையோ குறிப்புகள் அதைத்தான் அடிக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் அந்தக் கட்டளையே கிடையாது. எழுதியவர்கள் யாரும் தப்பாக எழுதவில்லை. எழுதிய நாளில் அது சரி. அப்புறம் யாரும் திரும்பி வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017ல் எடுத்த கருத்தாய்வில், ஆவணங்கள் அரைகுறையாகவோ பழையதாகவோ இருப்பதைக் கண்டிருக்கிறோம் என்றவர்கள் 93 சதவீதம். பங்களிப்பவர்களிலேயே 60 சதவீதம் பேர், ஆவணங்களில் கைவைப்பது அரிது அல்லது கைவைப்பதே இல்லை என்றார்கள். புதிதாக எழுத ஆள் கிடைத்துவிடும். எழுதியதைப் பராமரிக்கத்தான் கிடைக்காது.

கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. வாங்கியவர் திரும்பச் செய்வதும் அந்த வழக்கத்தில் சேர்ந்தது. நியூசிலாந்தில் ஒரு வட்டார நூலகத்துக்காக 1999ல் எழுத ஆரம்பித்து 2000 ஜனவரியில் ஓட விட்டார்கள். நாம் திரும்பச் செய்வது என்றால், புரியாத இடத்தை விக்கியிலேயே திருத்துவதுதான். ஒரு இடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

கூடலூர்_ஆசிரியை (ஞாயிறு, காலை 7.40)

தம்பி, வரி விக்கியில் இருப்பது வேறு, படிப்பவர் கைக்கு அது எட்டுவது வேறு.

2011லிருந்து அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு. எடுத்து வந்து லினக்ஸ் போட்டுக் கொடுங்கள் டீச்சர் என்பார்கள். நீங்களே போடுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பேன். அப்படி ஒரு பெண். டெபியனில் நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ கடவுச்சொல் கேட்கும்போது, நாம் அடிப்பதற்குத் திரையில் ஒரு புள்ளிகூட வராது அல்லவா? அவள் வீட்டில் தனியாக அடித்துப் பார்த்திருக்கிறாள். எதுவும் வரவில்லை என்றதும் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று மூடி வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ வந்தபோதுதான் சொன்னாள். அந்த மடிக்கணினியை வீட்டில் எல்லோரும் திட்டியிருக்கிறார்கள், நீதான் கெடுத்தாய் என்று.

‘அடிக்கும்போது எதுவும் தெரியாது, அது சரிதான், அடித்துவிட்டு என்டர் தட்டவும்.’ இந்த ஒரு வாக்கியம் அவளுடைய மொழியில் இருந்திருந்தால் போதும். நான் பார்த்த நிறுவல் பக்கங்களில் இது இருந்ததில்லை. எழுதுகிறவருக்கு அது பழகிப் போயிருக்கும்.

நான் கோத்தகிரி சார் பக்கம்.

ஊட்டி_டெவ் (ஞாயிறு, காலை 11.05)

இவ்வளவு பேச்சு எதற்கு? எல்லாப் படிகளையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவிடலாம், கட்டளைகளை அதுவே வரிசையாக ஓட்டிக்கொள்ளும். ஒரு வரி ஒட்டினால் கோஹா தயார். படிக்கவே தேவையில்லை என்றால் எந்த மொழி என்ற கேள்வியும் இல்லை.

குன்னூர்_ரூட் (ஞாயிறு, காலை 11.30)

இணையத்திலிருந்து வருவதை என்ன ஏது என்று பார்க்காமல் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓட்டு என்று புதியவர்களுக்குப் பழக்கக் கூடாது. இன்று நம் ஸ்கிரிப்டை ஒட்டுகிறவர் நாளைக்கு யாருடையதை ஒட்டுவார்?

கோத்தகிரி_வாசகசாலை (ஞாயிறு, மதியம் 2.15)

ஸ்கிரிப்டுக்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு தடை.

ஐப்பசி மழையில் இங்கே எங்காவது மரம் விழும், கம்பி அறுந்து கரண்ட் போகும். வாசகசாலையில் யுபிஎஸ் கிடையாது. மென்பொருள் பொதிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது போனால் கவலையில்லை, அவற்றை இறக்கும் ஆப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். பொதிகளை நிறுவும்போது போனால்தான் சிக்கல். அடுத்த முறை ஆப்ட் எதையும் செய்ய மறுக்கும். டிபிகேஜி (ஆப்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் கருவி) பாதியில் நின்றுவிட்டது, இந்தக் கட்டளையை நீங்களே ஓட்டுங்கள் என்று கட்டளையோடு ஒரு செய்தி காட்டும். அதை அப்படியே அடித்தால் தீர்ந்தது. ஆனால் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் பிழை என்று கண்டதும் கையை எடுத்துவிடுகிறார்கள். போன மாதம் ஒருவர் டெபியனையே முதலிலிருந்து போட ஆரம்பித்துவிட்டார். ஒரு வரியில் முடிகிற வேலை அரை நாள் ஆனது.

பாதியில் நின்ற ஸ்கிரிப்ட் எங்கே நின்றது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. படிப்படியாக எழுதிய தாள் என்றால், கரண்ட் வந்ததும் ஆறாவது படியில் இருந்தோம் என்று விரல் வைத்துத் தொடரலாம்.

குன்னூர் தம்பி, விக்கியைத் திருத்துவது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் போனால் என்ன செய்வது, நெட் இல்லாமல் எந்தெந்தப் படிகளைச் செய்யலாம் என்றெல்லாம் எழுதினால் ஆங்கில விக்கியில் நிற்க விடுவார்களா?

குன்னூர்_ரூட் (ஞாயிறு, மாலை 6.50)

கேட்டுப் பார்த்துவிட்டா சொல்கிறீர்கள்? மின்சாரம் போவது நீலகிரியில் மட்டும் நடப்பதில்லை. உலகத்தில் பல ஊர்ச் சின்ன நூலகங்களுக்கு அது வேண்டும்.

சரி, ஒரு நடுவழி. கட்டளைகள் விக்கியில் மட்டும் இருக்கட்டும். தமிழ்ப் பக்கத்தில் விளக்கமும், பிழைச் செய்திகளின் பொருளும், சூடோ மாதிரி விஷயங்களும். கட்டளை மாறினாலும் தமிழ்ப் பக்கம் கெடாது.

கூடலூர்_ஆசிரியை (ஞாயிறு, இரவு 8.30)

இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்து நிறுவச் சொல்கிறீர்கள். கேட்க எளிதாக இருக்கிறது. நம்மில் யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை. கோத்தகிரி சார் எழுத ஆரம்பித்திருக்கும் தமிழ் வரைவையும் விக்கியையும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைச் செய்ய வைக்கிறேன். அடுத்த ஞாயிறு சொல்கிறேன்.

கூடலூர்_ஆசிரியை (அடுத்த ஞாயிறு, மாலை 5.20)

என் மடிக்கணினியில் மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஒன்றில் வெற்று டெபியன் 13 போட்டேன். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் உட்கார்ந்தாள். நான் பின்னால் நாற்காலியில். எதைக் கேட்டாலும் பதில் சொல்வதில்லை என்று முன்பே ஒப்பந்தம். சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை வாய் வரை வந்துவிட்டது.

நீளக் கோட்டில் அவள் மாட்டவில்லை, வரைவில் அது சரியாக இருந்தது. மாட்டியது நாம் யாரும் நினைக்காத இடத்தில். நூலகத்தை உருவாக்கும் கட்டளையில் விக்கியைப் போலவே வரைவிலும் ‘லைப்ரரி’ என்று உதாரணப் பெயர் இருக்கிறது. அது பெயர்தான், மாற்றலாம் என்று புரிந்துகொண்டு ‘கூடலூர்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். நல்ல பெண். ஐந்து நிமிஷம் கழித்து, கடவுச்சொல்லைக் காட்டும் கோஹா கட்டளை வந்தது. அதிலும் ‘லைப்ரரி’ என்று இருந்ததை அப்படியே அடித்தாள். பிழை வந்தது. இது கட்டளையின் ஒரு பகுதி என்று நினைத்தாளாம். முன்னால் மாற்றியதும் இதுவும் ஒரே பெயர் என்று எங்கேயும் எழுதவில்லையே என்று பிறகு கேட்டாள். அது நியாயமான கேள்வி.

அப்புறம் உள்நுழையும் பக்கம். பயனர் பெயர் கோஹா, அடிக்கோடு, நூலகப் பெயர் என்று வர வேண்டும். அவள் தன் டெபியன் பயனர் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள், பிறகு வெறும் ‘கூடலூர்’. இருபது நிமிஷம் போனது.

இரண்டு பக்கங்கள் விஷயம்: விக்கிக்கும் தமிழுக்கும் மாறும்போது எந்தப் படியில் இருந்தோம் என்பது அவளுக்குத் தவறிப் போனது. ஒரு படியை இரண்டு முறை செய்தாள். கடைசியில் விக்கியை மூடிவிட்டுத் தமிழ் வரைவை மட்டும் வைத்து முடித்தாள்.

குன்னூர்_ரூட் (ஞாயிறு, இரவு 9.15)

அக்கா, இவ்வளவு விவரமாகப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி. ‘லைப்ரரி’ விஷயத்தில் நானே பல வருஷமாக விக்கியைப் பார்த்தும் கண்ணில் படவில்லை. மாற்ற வேண்டிய பெயரைத் தனி நிறத்தில் போட்டு, கீழே எங்கெங்கே அதே பெயர் வரும் என்று சேர்க்கச் சொல்லி விக்கியில் எழுதப் போகிறேன். இரண்டு பக்க யோசனையை விட்டுவிடுகிறேன்.

ஆனால் பழசாவது பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. கட்டளைகளோடு தமிழ்க் கையேடு வந்தால், முதல் வரியில் எந்த டெபியன், எந்தக் கோஹா, எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தது என்று இருக்க வேண்டும். புது டெபியன் வந்ததும் வெற்று இயந்திரத்தில் முதல் படியிலிருந்து நான் ஓட்டிப் பார்க்கிறேன். ஓடவில்லை என்றால் சரிசெய்யும் வரை பக்கத்தை எடுத்துவிட வேண்டும்.

கோத்தகிரி_வாசகசாலை (ஞாயிறு, இரவு 9.50)

தேதி போடுவது சரி. எடுத்துவிடுவதற்கு நான் ஒப்பமாட்டேன். அச்செடுத்த தாள் ஏற்கெனவே ஊர் ஊராகப் போயிருக்கும், அதை எப்படி எடுப்பீர்கள்? பக்கம் இருக்கட்டும். மேலே சிவப்பில் ‘டெபியன் இன்ன பதிப்பில் ஐந்தாவது படி ஓடாது’ என்று எழுதுங்கள். தாளைப் பிடித்துக்கொண்டு தேடி வருகிறவருக்கு அதுதான் வேண்டும்.

அச்சுக்கு வேர்டைத் தொட மாட்டேன். கட்டளைகள் எல்லாம் ஒரே அகல எழுத்துருவில், இரண்டு கோடு வரும் இடத்தில் ‘இங்கே இரண்டு கோடுகள்’ என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.

கூடலூர்_ஆசிரியை (ஞாயிறு, இரவு 10.05)

வரைவைத் திருத்தி வெள்ளிக்குள் அனுப்புங்கள் சார். அடுத்து ஒரு பையன் காத்திருக்கிறான், அவனுக்கு லினக்ஸ் என்ற பெயரே புதிது.