சிறுநீரகக் கட்டியை உறைய வைக்கும் சிகிச்சை: செய்துகொண்டவர்கள் யாராவது உண்டா?

முதுநகர் மகன்:
அப்பாவுக்கு 72 வயது. கடலூர் முதுநகரில் முப்பது வருஷம் ஐஸ் கம்பெனி வேலை. பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்தபோது இடது கிட்னியில் 2.6 செ.மீ. கட்டி தெரிந்தது. வலது கிட்னி ஏற்கெனவே சுருங்கிவிட்டது, இதயத்தில் ஸ்டென்ட் வேறு. கத்தி வைத்தால் இருக்கிற ஒன்றும் போய்விடுமோ என்று பயம். டாக்டர், கட்டியை உறைய வைத்து அழிக்கும் ‘கிரையோ அப்லேஷன்’ செய்யலாம் என்கிறார். “ஐஸ்ல வெச்சா மீன் கெடாம இருக்கும், கட்டி மட்டும் எப்படிடா சாகும்?” என்கிறார் அப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி, அம்மாவுக்குப் போன வருஷம் சென்னையில் செய்தோம். ஐஸ் பெட்டியில் மீன் சில்லென்று இருக்குமே தவிர உறையாது. இங்கே ஊசி முனையில் ஆர்கான் வாயு விரிந்து, மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போகிறது. செல்லுக்குள் பனி கட்டி அதன் சவ்வைக் கிழித்துவிடும், சின்ன ரத்தக் குழாய்களும் அடைத்துக்கொள்ளும். உறைய வைத்து, உருக விட்டு, மறுபடி உறைய வைத்தார்கள்.

குப்புறப் படுக்க வைத்து, சி.டி. பார்த்தபடி முதுகு வழியாக மூன்று ஊசி. டாக்டர் படத்தைக் காட்டினார்: கட்டியை மூடி, முட்டை மாதிரி ஒரு கருப்பு, அதுதான் பனி. கட்டியைத் தாண்டியும் அரை செ.மீ. பரவியிருந்தது. பனியின் ஓரத்தில் வெறும் பூஜ்ய டிகிரிதானாம், அங்கே செல் பிழைத்துக்கொள்ளும், அதனால்தான் தாண்டிப் போக வேண்டுமாம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஓய்வுபெற்ற நர்ஸ், அரியாங்குப்பம்:
இரண்டு விஷயம். பயாப்ஸி (கட்டியில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்களா என்று கேளுங்கள். சின்னக் கட்டிகளில் சில புற்றுநோயாகவே இருக்காது. ஸ்டென்ட்டுக்கான மாத்திரையை இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். கட்டியை வெட்டி எடுப்பதைவிட இதில் அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் வந்தால் மறுபடி உறைய வைக்கலாம். அதனால் ஸ்கேனுக்குச் சொன்ன தேதியைத் தவற விடவே கூடாது.

முதுநகர் மகன்:
ரொம்ப நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். “ரெண்டு தடவை உறைய வெப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அக்கா, அம்மாவுக்கு வலித்ததா?

முத்தியால்பேட்டை அக்கா:
அப்போது மயக்கத்தில் இருந்தார். மறுநாள் இடுப்பில் கன்றிப்போய் வலி, சிறுநீரில் லேசாக ரத்தம். மூன்றாம் நாள் தானே எழுந்து காபி போட்டார்.