வெனிசில் தனி வழிகாட்டியுடன் சுற்றியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கொள்ளிடக்கரை எழுதியது:

சான் மார்க்கோ சதுக்கம், ரியால்டோ பாலம், கோந்தோலாப் படகு ஆகியவற்றை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கன்னரேஜியோ பகுதியின் பழைய யூதர் குடியிருப்பில் எங்கள் வழிகாட்டி அம்மையார் என் அம்மாவின் கையைப் பிடித்து ஒரு கல் நிலையின் மேல் வைத்தது மட்டும் என்னை விடாமல் இருக்கிறது.

கால்வாய்க் கரையிலிருந்து ஒரு கட்டடத்தின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஒரு தெருவுக்குப் போகும் தாழ்வான வழி அது. இருபுறமும் இஸ்திரியா பகுதியிலிருந்து வந்த வெள்ளைக் கல் நிலைகள். பார்வைக்கு எளிதில் படாத வகையில் அவற்றில் சில பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கதவின் கீல்கள் பொருந்தியிருந்த இடங்கள் அவை. 1516 மார்ச் 29 அன்று வெனிசுக் குடியரசு பிறப்பித்த ஆணையின்படி யூதர்கள் ஒரு சிறு தீவுக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். பின்னர் 1541-இல் இந்தத் தெருவும் அதனோடு சேர்க்கப்பட்டது. இரவானதும் கதவுகள் பூட்டப்பட்டன, கால்வாயில் காவல் படகுகள் சுற்றின. இதையெல்லாம் அந்த அம்மையார் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பள்ளத்திலிருந்து விரலை எடுக்காமலே, "அந்தக் காவல்காரனுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்ததும் வழிகாட்டி ஒரு நொடி அம்மாவையே பார்த்தார். பிறகு, "உள்ளே பூட்டப்பட்டவர்கள்தான் கொடுத்தார்கள், காவலர்கள் கிறித்தவர்கள், அவர்களுக்கான கூலி யூதர்களிடமிருந்து வசூலிக்கப்பட்டது" என்றார்.

அதன் பிறகு உள்ளே இருந்த சதுக்கத்தில் ஏழெட்டு மாடிகளோடு உயர்ந்து நிற்கும் வீடுகளைக் காட்டி, பரப்ப இடமில்லாததால் மேல்நோக்கிக் கட்டினார்கள், ஒவ்வொரு தளத்தின் கூரையையும் தாழ்த்தினார்கள் என்று விளக்கினார். நெப்போலியனின் படைகள் வந்த 1797-இல் அந்தக் கதவுகள் பெயர்க்கப்பட்டு இதே சதுக்கத்தில் எரிக்கப்பட்டதையும் சொன்னார். அம்மா எதற்கும் மறுமொழி சொல்லவில்லை. பேசிய நேரம் முடிந்து வழிகாட்டி விடைபெற்றுப் போன பிறகுதான், "கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்?" என்று என்னிடம் கேட்டார். ஊர் திரும்பிய பிறகும் அதைத்தான் கேட்கிறார்.

முத்துநகர் எழுதியது:

நான் தூத்துக்குடிக்காரன். அதனால்தான் எனக்கு இந்த ஊரில் வேறோர் இடம் தைத்தது.

ரியால்டோவுக்கு அருகில், மாலிப்ரான் அரங்கின் பின்புறத்தில் மார்க்கோ போலோ குடும்பத்தின் வீடுகள் இருந்த முற்றம் இருக்கிறது. சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகையைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. சலவைத் துணிகள் தொங்கின, ஒரு பூனை படுத்திருந்தது. எங்கள் வழிகாட்டி இளைஞர், வரலாறு படித்தவர். குப்ளாய் கான், பட்டு, சீனம் என்று அழகாகச் சொல்லி முடித்தார். நான், "திரும்பும் வழியில் எங்கள் கரைக்கும் வந்தாரே" என்றேன். காயல் துறைமுகத்தைப் பற்றியும், முத்துக்குளிப்பவர்களைப் பற்றியும், குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கியதைப் பற்றியும், அரசரும் எளிய ஆடையோடு கழுத்து நிறைய மணிகள் அணிந்திருந்ததைப் பற்றியும் மார்க்கோ போலோ சொல்லிவைத்த செய்திகளை நான் சொல்லச் சொல்ல, அந்த இளைஞர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் கிணற்றின் கல் விளிம்பில் வைத்து எழுதத் தொடங்கிவிட்டார். பழையகாயல் இன்று எங்கே இருக்கிறது, கடல் எவ்வளவு தூரம் விலகிவிட்டது என்று கேட்டார். தாமிரபரணி வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது என்றேன். தங்கள் ஊரைச் சூழ்ந்துள்ள காயலிலும் அதே அச்சம் இருந்தது, அதற்காகவே ஆறுகளின் வாயையே குடியரசு திருப்பிவிட்டது என்று அவர் சொன்னபோது, நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். வெனிசின் பொற்காசில் புனித மார்க்கு முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பத்தைப் பிடித்திருக்கும் ஆட்சித் தலைவரின் உருவத்தை, நம் தென்கரையில் மரமேறும் மனிதன் என்று பார்த்தார்கள். அந்தக் காசுகள் நம் பக்கத்துப் பெண்களின் கழுத்தில் ஆரமாகக் கிடந்தவை. அவர் அதை நம்பாமல் இரண்டு முறை கேட்டார். அடுத்து வரும் பயணிகளிடம் அவர் காயலைப் பற்றிச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். யாராவது அந்த முற்றத்துக்குப் போனால் கவனித்து எழுதுங்கள்.

ரைன்கரைவாசி எழுதியது:

மேலே எழுதிய இருவருக்கும் நல்ல வழிகாட்டிகள் வாய்த்தார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. எங்களை அழைத்துப் போனவர் சுற்றின் கடைசிப் பகுதி முரானோ தீவு என்றார். 1291-இல் தீ விபத்துக்கு அஞ்சிக் கண்ணாடி உலைகள் அனைத்தையும் அங்கே மாற்றியதால் அந்தத் தீவு எனக்கும் பார்க்க வேண்டிய இடமாகவே இருந்தது. உலையின் முன் ஒரு முதியவர் செந்தணலாக இருந்த கண்ணாடி உருண்டையை இடுக்கியால் இழுத்து இழுத்து, ஒரு நிமிடம் ஆவதற்குள் முன்னங்கால் தூக்கிய குதிரையாக்கி நிறுத்தினார். அந்தக் கைகளை நான் மறக்க மாட்டேன். அடுத்த நொடியே எங்களை விற்பனைக் கூடத்துக்குள் அனுப்பினார்கள், வெளியே போக வேறு வழி காட்டவில்லை. வழிகாட்டியும் அதற்குள் வெளியே போய்விட்டார். என் மனைவி ஒரு விளக்கை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, விலை பாதியானது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே கரைந்தது.

ஆகவே போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் வழிகாட்டித் தொழிலுக்கு அரசு உரிமம் வேண்டும். உரிம அட்டையைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, முறையான வழிகாட்டிகள் அதைக் கழுத்திலேயே அணிந்திருப்பார்கள். பேசும்போதே எத்தனை மணி நேரம், எந்தெந்த இடங்கள், நுழைவுச் சீட்டுகள் கட்டணத்துக்குள் அடங்குமா, கடைகளுக்குப் போவது உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோந்தோலாவைச் சுற்றோடு சேர்த்து விற்பவர்களிடம் தனியாக விலை கேளுங்கள். நகராட்சி நிர்ணயித்த கட்டணம் 2023 நவம்பர் முதல் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவில் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. அது படகுக்கான கட்டணம், ஆளுக்கானதன்று. அவ்வளவு செலவழிக்க விருப்பமில்லை என்றால், பெருங்கால்வாயைக் கடக்கும் திராகெட்டோ படகில் 2 யூரோவுக்கு ஏறலாம். சாந்தா சோபியாவிலிருந்து ரியால்டோ மீன் சந்தைக்குப் போகும் துறை இன்னும் இயங்குகிறது. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. முதலில் 5 யூரோவாக இருந்தது. மறு ஆண்டிலிருந்து கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ ஆனது. வெனிசிலேயே இரவு தங்குகிறவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்றாலும் விலக்குச் சான்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சுற்றுக் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் 2024-இல் வந்திருப்பதால், சிறிய குழுவோடு போனாலே ஓரளவு நிம்மதியாகக் கேட்கலாம். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னும் ஓர் இரவு அந்த ஊரிலேயே தங்கி, பகல் கூட்டம் போன பிறகு தெருக்களில் நடப்பதே மேல் என்பது என் கருத்து.

ராயபுரத்தான் எழுதியது:

ரைன்கரைவாசி அவர்களே, கால் நன்றாக இருப்பவர்களுக்கு உங்கள் யோசனை பொருந்தும். என் அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊர், அவற்றில் பெரும்பாலானவை படிகள் ஏறி இறங்க வேண்டியவை. கைப்பேசியில் இருக்கும் வரைபடம் தூரத்தைச் சொல்கிறதே தவிரப் படிகளைச் சொல்வதில்லை. எங்களுக்குத் தனி வழிகாட்டி இல்லாமல் இந்தப் பயணமே இருந்திருக்காது.

அந்த அம்மையார் முந்தைய நாளே அப்பாவால் எத்தனை படி ஏற முடியும், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை உட்கார வேண்டும், கழிப்பறை எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். முதல் எண் நீராவிப்படகு (பெயர்தான் அப்படி, இப்போது ஓடுவது பெரும்பாலும் டீசலில்) பெருங்கால்வாயின் இரு கரைகளிலும் மாறி மாறி நிற்பதால், பாலத்தில் ஏறாமலே கரை மாறும்படி வழியை அமைத்திருந்தார்.

நான் சொல்ல வந்தது அந்தப் படகில் நடந்தது. அப்பா சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் படகின் பணியாளர் மிதவை மேடையின் இரும்புக் கட்டையில் கயிற்றை வீசி ஒரு சுற்று, குறுக்கே இன்னொரு சுற்று என்று நொடியில் இறுக்குவதும், ஆட்கள் இறங்கி ஏறியதும் ஒரே இழுப்பில் அவிழ்ப்பதுமாக இருந்தார். வழிகாட்டி இடப்பக்கத்து மாளிகையைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் கண்கள் கயிற்றிலேயே இருந்தன. இதைக் கவனித்த அவர், மாளிகையைப் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அந்தப் பணியாளரிடம் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் பணியாளர் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்து, முடிச்சை மெதுவாகப் போட்டுக் காட்டினார். கயிறு நனைந்து கறுத்திருந்தது, சுற்றுகள் ஒன்றையொன்று கவ்வும் இடத்தில் தண்ணீர் பிழிந்து வடிந்தது. அப்பா எழுந்து நின்று, தங்கள் துறைமுகத்தில் எப்படிப் போடுவார்கள் என்று வெறுங்கையாலேயே காற்றில் காட்டினார். படகு கிளம்பத் தாமதமாகிவிடுமே என்று நான் பதறினேன். வழிகாட்டி என் தோளைத் தட்டி உட்காரச் சொன்னார்.

மாளிகையைப் பற்றிச் சொல்வதற்குத்தான் அவருக்குக் கட்டணம். அதை விட்டுவிட்டு இதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதற்கு எந்தப் பட்டியலில் விலை போடுவார்கள்?

கொள்ளிடக்கரை அவர்களே, நீங்கள் சொன்ன அந்தக் கதவு நிலை வரைக்கும் படி ஏறாமல் போக முடியுமா? அடுத்த முறை அப்பாவை அழைத்துப் போக விரும்புகிறேன்.

திருவாரூர்த் தேர் எழுதியது:

முத்துநகர் அண்ணாச்சி வணிகத்தின் பெருமையை எழுதினார். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

சான் மார்க்கோ பேராலயத்தின் மூலையில், ஆட்சித் தலைவர் மாளிகை தொடங்கும் இடத்தில், செந்நிறக் கடினக் கல்லில் நான்கு உரோமப் பேரரசர்கள் ஒருவரையொருவர் தழுவியபடி நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரின் பாதம் மட்டும் வேறு வெளிறிய கல்லில் ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது. மூலப் பாதத்தின் துண்டு இஸ்தான்புல்லில் தோண்டியெடுக்கப்பட்டு அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1204-இல் சிலுவைப் போர்ப் படையோடு சேர்ந்து கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடியபோது வெனிசுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு வந்தவை இவை. பேராலயத்தின் நான்கு வெண்கலக் குதிரைகளும் அதே கொள்ளையில் வந்தவைதாம்.

எங்கள் வழிகாட்டி நன்றாகப் படித்தவர், அன்பாகவும் பேசினார். நெப்போலியன் 1797-இல் அந்தக் குதிரைகளைப் பாரிசுக்குத் தூக்கிச் சென்றதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான வலி இருந்தது. 1815-இல் அவை திரும்பி வந்ததைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது. நான் அந்த ஒட்டுப்போட்ட பாதத்தைக் காட்டி, "இவை எப்போது திரும்பிப் போகும்?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இவை எண்ணூறு ஆண்டுகளாக இங்கே இருக்கின்றன" என்றார்.

சண்டையிட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எங்கள் மாவட்டங்களின் கோயில்களில் செப்புத் திருமேனிகள் இருந்த பீடங்கள் வெறுமையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததைக் கேட்டு எங்கள் வீட்டில் விளக்கேற்றினோம். இத்தனை நூற்றாண்டுகள் கடந்தால் திருடிய பொருள் சொந்தமாகிவிடும் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. வழிகாட்டி அதை எனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் பாரிசுக்குப் போனதைக் கொள்ளை என்றும், இங்கே வந்ததை வெற்றி என்றும் ஒரே மூச்சில் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

முத்துநகர் எழுதியது:

தேர் அவர்களே, மறுக்கவில்லை. காயலுக்கு வந்தவர் வணிகராக வந்தார், கான்ஸ்டான்டினோபிளுக்குப் போனவர்கள் படையோடு போனார்கள். இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் செய்தவை. உங்கள் வழிகாட்டி பேசாமல் நின்ற அந்தச் சற்று நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். மனப்பாடமாக ஒப்பிப்பவராக இருந்திருந்தால் உடனே பதில் வந்திருக்கும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

ராயபுரத்தான் அவர்களே, தாராளமாக அப்பாவை அழைத்துப் போகலாம். முதல் எண் படகு அங்கே போகாது. 4.1, 4.2, 5.1, 5.2 ஆகிய எண்களில் ஒன்றில் ஏறி குல்யே நிறுத்தத்தில் இறங்குங்கள். அந்த நிறுத்தம் யூதர் குடியிருப்பின் பக்கத்துக் கரையிலேயே இருப்பதால் பாலம் ஏற வேண்டியதில்லை. கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் நுழைவழி வந்துவிடும், கீல் பள்ளங்கள் அங்கேயே இருக்கின்றன. அதைத் தாண்டித் தெருவின் கடைசி வரை தரைமட்டமாகவே நடக்கலாம். உயர்ந்த வீடுகள் உள்ள சதுக்கம் மட்டும் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த தீவு என்பதால் அங்கே போக ஒரு பாலத்தின் படிகளை ஏறி இறங்கியாக வேண்டும். உங்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலத்தின் அடியில் நின்றபடியே அந்த வீடுகளின் மேல்தளங்களை அவரால் காட்ட முடியும்.